மலைக்காற்று அடித்தால் ஊனம் வராதா? 2.05 சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம்

கொடுமுடிக்காரர் கேட்டது, 9 ஆகஸ்ட் 2025

அமெரிக்காவில் இனவாரியாக மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்கிறார்கள். பெரியவர்களில் பூர்வகுடிகள் பத்துக்கு மூன்று பேர், கறுப்பர் நாலில் ஒருவர், வெள்ளையர் ஐந்தில் ஒருவர், ஆசியர் பத்தில் ஒருவர். அங்கே பூர்வகுடிக்குத்தான் பாதிப்பு அதிகம். நம்ம நாட்டில் தலைகீழ். 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதி 2.45 சதவீதம், பழங்குடி 2.05, மற்றவர்கள் 2.18. ஈரோடு மாவட்ட மலையூர்களான தாளவாடி, பர்கூர் பக்கம் ராகிக்களியும் சுத்தமான காற்றும் இருக்கிறவரை அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

9 ஆகஸ்ட், இரவு

ராகிக்களி நானும் தின்று வளர்ந்தவன்தான், வலது காலில் இரும்புக் காலிப்பர் மாட்டியிருக்கிறேன். போலியோவுக்கு ராகி தெரியாது.

சத்தியமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் இப்போது பாதி வேலை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், 2.05 என்பது ஆரோக்கியத்தின் அளவு இல்லை. யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதன் அளவு. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், பிரிண்டர் வேறு மக்கர் பண்ணுகிறது.

10 ஆகஸ்ட்

முதலில் அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே தப்பு. அமெரிக்க எண் பெரியவர்களுக்கு மட்டும், நம்முடையது பிறந்த குழந்தை வரைக்கும். அதைவிட முக்கியம், கேள்வி. அங்கே "நடக்கவோ படி ஏறவோ ரொம்பச் சிரமப்படுகிறீர்களா, கண்ணாடி போட்டும் பார்ப்பது சிரமமா, காது கேட்பதில் சிரமமா, தனியாகக் கடைக்கோ மருத்துவரிடமோ போக முடிகிறதா" என்று செயலைக் கேட்கிறார்கள். 2011ல் இங்கே எட்டு வகை போட்டு, இவர் உடலாலோ மனத்தாலோ ஊனமுற்றவரா என்று கேட்டார்கள். இந்தியா முழுக்க 2.21 சதவீதம் வந்தது, தமிழ்நாட்டில் 1.64. உலகத்தில் ஆறில் ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் உலகத்தையே விட பத்து மடங்கு திடமானவர்களா என்ன?

கடம்பூர் மலையிலிருந்து ஒரு அம்மா விறகு சுமந்து சுமந்து முழங்கால் மடங்காமல் போய், உட்கார்ந்தால் எழ ஒரு ஆள் வேண்டும் என்ற நிலையில் பேரனுக்கு ஆதார் எடுக்க வந்தார். உங்களுக்கும் ஒரு விண்ணப்பம் போடலாமே என்றேன். "எனக்கென்னங் தம்பி, நான் நல்லாத்தானுங் இருக்கறேன், வயசானா இப்படித்தானுங்" என்றார். கணக்கெடுக்க வந்தவரிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார். அமெரிக்கக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் மூன்று இடத்தில் ஆமாம் சொல்லியிருப்பார்.

இதில் இன்னொன்று. ஆயுள் குறைந்த சமூகத்தில் கண்புரை வரும் வயதுக்கு, மூட்டு தேயும் வயதுக்கு வந்து சேர்கிறவர்களே குறைவு. பிறவியிலேயே பலவீனமான குழந்தை, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத ஊரில், கணக்கில் வருவதற்கு முன்பே போய்விடுகிறது. அப்போதும் சதவீதம் குறையத்தான் செய்யும்.

14 ஆகஸ்ட்

"சான்றிதழ் வாங்கியவர்களை எண்ணினால் சரியான கணக்கு வந்துவிடுமே" என்று கேட்டிருக்கிறார் பெங்களூரில் இருக்கும் தம்பி ஒருவர். 2018ல் மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது. மாற்றுத்திறனாளி என்று அவர்களே கண்டுபிடித்தவர்களில் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம் மட்டும். அது நாடு முழுக்க, ஊர் நகரம் எல்லாம் சேர்த்து.

தாளவாடிப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் அட்டை வாங்குவதை வரிசையாக யோசித்துப் பாருங்கள். விண்ணப்பம் ஆன்லைன். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓடிபி வரும். அந்த போன் மலையில் மகனிடம் இருக்கிறது, மகன் இருக்கும் இடத்தில் டவர் இல்லை. அவன் டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி நம்பரைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து போகும். திரும்ப அனுப்பு. திரும்ப. ஒரு விண்ணப்பத்துக்கு மத்தியானச் சாப்பாடே போய்விடும். அப்புறம் போட்டோ, பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், அதற்கு என் கடையில் ஒரு வேட்டி தொங்குகிறது, அதன் முன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

அதெல்லாம் முடிந்து மருத்துவக் குழு. மாவட்டத் தலைநகரம் ஈரோடு, தாளவாடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு. 2022லிருந்து அந்த மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. காட்டு விலங்குக்காகப் போட்ட கட்டுப்பாடு, அதைக் குறை சொல்லவில்லை, யானைக்கும் ராத்திரி வேண்டும். ஆனால் விடிந்த பிறகு கிளம்பி, நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு, டோக்கன் முடிவதற்குள் ஈரோட்டில் நிற்பது எப்படி என்று சொல்லுங்கள். முதல்நாளே இறங்கி யார் வீட்டிலாவது தங்க வேண்டும். கூட வருகிற ஆளுக்கும் இரண்டு நாள் கூலி போகிறது. தாளவாடிக்காரர்களுக்கு கர்நாடகத்துச் சாமராஜநகர் கூப்பிடு தூரம், ஆனால் உதவித்தொகை தருவது இந்தப் பக்கம்.

15 ஆகஸ்ட்

மலையிலேயே முகாம் போடுகிறார்களே என்கிறார் அந்தியூர் அக்கா. போடுகிறார்கள், போட்டால் கூட்டம் வருகிறது, அதுவே என் கட்சிக்குச் சாட்சி. கை கால் பாதிப்பை முகாமில் பார்த்து முடித்துவிடலாம். காது கேட்காத குழந்தைக்கு, சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை வேண்டும், அதற்கு இயந்திரமும் சத்தமில்லாத அறையும் வேண்டும். முகாம் பள்ளிக்கூடத்தில் நடக்கும்போது பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைக்குக் கேட்கிறதோ இல்லையோ, டாக்டருக்கு வேறு எதுவும் கேட்காது. ஈரோட்டுக்கு எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்த சீட்டோடு பலர் மலைக்குத்தான் போகிறார்கள்.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், அதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கு அது பெரிய விஷயம்.

22 ஆகஸ்ட்

மொழி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தாளவாடிப் பக்கம் நிறைய வீடுகளில் கன்னடம். ஊராளி, சோளகர், இருளர் ஒவ்வொருவருக்கும் வீட்டுப் பேச்சு தனி. அறிவுசார் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் படம் காட்டி, கேள்வி கேட்டு, பதிலுக்கு மதிப்பெண். ஒரு முகாமில் எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. எழுதுகிறவர் எழுதப் போனார். வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கன்னடத்தில் அந்தப் படத்தைக் காட்டி ஏதோ கேட்டார், பையன் சிரித்துக்கொண்டே ஆட்டுக்குட்டிக்கு என்ன பேர் வைத்திருக்கிறோம் என்பது வரை சொன்னான். அவனுக்குப் பேச்சில் திக்கல் இருந்தது, மற்றபடி மூளை கத்தி.

அமெரிக்காவில் இதற்கு வழக்கே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுச் சோதனை வைத்து, மந்தபுத்தி என்று தனி வகுப்பில் தள்ளினார்கள். டயானா என்ற பெயரில் போன வழக்கு 1970ல் சமரசத்தில் முடிந்து, வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று ஆனது. அப்புறம் லாரி பி. வழக்கு. கறுப்பினப் பிள்ளைகள் அந்தத் தனி வகுப்புகளில் அளவுக்கு மீறி இருந்தார்கள், அவர்களை அங்கே அனுப்ப அறிவெண் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979ல் தீர்ப்பு.

ஆகவே கொடுமுடிக்காரரே, சிறுபான்மையினரிடம் சதவீதம் கூடினாலும் சந்தேகப்பட வேண்டும், குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அங்கே இல்லாததை ஒட்டினார்கள், இங்கே இருப்பதைப் பார்க்கவில்லை. திருப்பூர்ப் பள்ளிகளில் இப்போது பீகார், ஒடிசா பிள்ளைகள் நிறைய. அவர்களில் ஒரு பிள்ளை வகுப்பில் பேசாமல் இருந்தால் காதா, மொழியா, பயமா, வேறெதுவுமா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

31 ஆகஸ்ட்

காற்று சுத்தம் என்றீர்களே, ரத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அரிவாள் செல் ரத்தசோகை. சிவப்பணு வளைந்து, விறைத்து, சிறு குழாய்களில் அடைத்துக்கொள்ளும். திடீரென்று எலும்புக்குள் ஆணி அடித்த மாதிரி வலி, நாள்கணக்கில். கொஞ்ச வருடத்தில் இடுப்பு எலும்பின் பந்து ரத்தமில்லாமல் செத்துப்போய் நடை போய்விடும். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் சும்மா சுமப்பவர். சுமப்பவருக்கு மலேரியாவிடமிருந்து கொஞ்சம் பாதுகாப்பு, அதனால்தான் மலேரியாக் காடுகளில் அது நிலைத்தது.

இந்தியாவில் இதை முதலில் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? நீலகிரி. 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே பழங்குடியினர் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அதற்கு அப்புறம் 2016ல் புதிய சட்டம் வந்து, ஊன வகைகள் ஏழிலிருந்து 21 ஆகி, அதில்தான் அரிவாள் செல்லுக்கு இடம் கிடைத்தது. அது வரைக்கும் வலியில் சுருண்டு கிடந்தவர் சட்டப்படி நல்ல திடமானவர். 2011 கணக்கெடுப்பில் அவரை எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள்? நொண்டினால் நடை என்று போட்டிருப்பார்கள், நொண்டாவிட்டால் ஒன்றுமில்லை.

2023 ஜூலையில் மத்தியப் பிரதேசம் சாதோலில் பிரதமர் ஒரு இயக்கம் தொடங்கினார், 40 வயது வரைக்கும் ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே நோயாளிகளைக் கூடவே இருந்து பார்த்துவருகிறது.

அமெரிக்காவிலும் இதே நோய், அங்கே பெரும்பாலும் கறுப்பர்கள். சுமார் ஒரு லட்சம் பேர், பிறக்கும் கறுப்பினக் குழந்தைகளில் 365க்கு ஒன்று. வெள்ளையரிடம் அதிகம் வரும், நுரையீரலைச் சளி அடைக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அதைவிடக் குறைந்த பேருக்குத்தான், ஆனால் ஆராய்ச்சிப் பணம் தலைக்கு அதற்குத்தான் பல மடங்கு என்று அங்கேயே சண்டை.

1 செப்டம்பர்

21ல் சேர்த்தாயிற்று, அப்புறம் என்ன குறை என்று ஒருவர். அந்த 2016 சட்டத்தின் 34வது பிரிவை எடுத்துப் படியுங்கள். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு. கண், காது, கை கால், மனமும் அறிவும் எல்லாம் இருக்கிறது. ரத்த நோய் இல்லை. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் மூன்றும் அட்டைக்கு உண்டு, வேலைக்கு இல்லை. பழங்குடிகளிடம்தான் பெரிதும் காணப்படும் ஊனம் எது என்று பார்த்து அதையே விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள், யாரும் அந்த நாற்காலியில் இல்லை, அவ்வளவுதான்.

13 செப்டம்பர்

ஆசியர் பத்தில் ஒருவர் என்பதற்கு வருகிறேன். நம்ம பீளமேட்டுப் பையன் என்ஜினியரிங் முடித்து விசா வாங்கிப் போகிறான். இளவயது, படிப்பு, கம்பெனி இன்சூரன்ஸ். கால் வராத அண்ணன் கோயமுத்தூரிலேயே இருக்கிறான். போனவனை மட்டும் எண்ணிவிட்டு ஆசியர் திடமானவர்கள் என்றால்? வடிகட்டி அனுப்பியது இங்கே நடந்தது.

அதே வடிகட்டல்தான் நம்ம ஊருக்கு வருகிற வடக்கத்திப் பையன்களிடமும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ரயில் ஏறுகிறவன் இருபது வயது, இரும்பு உடம்பு. இங்கே பவர் பிரஸ்ஸில் விரல் போகிறது, மரம் அறுக்கிற மில்லில் போகிறது. கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, ரயிலேற்றி விடுகிறார்கள். அடுத்த வாரம் அவன் இடத்துக்கு இன்னொரு இருபது வயது. விரல் கோயமுத்தூரில் போகிறது, கணக்கு ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஏறுகிறது. நம்ம மாவட்டப் புள்ளிவிவரம் பளபளவென்று இருக்கும்.

என் கடைக்கு வந்த ஒரு பையன் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத கையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு, "பாய், கார்டு" என்று மட்டும் சொன்னான். ஆதாரில் பீகார் விலாசம். ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விதியில் அப்படி இல்லை. குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம், இல்லையென்றால் அந்தப் பாதிப்புக்குச் சிகிச்சை எடுத்த அரசு மருத்துவமனையிலும் போடலாம். கொடுத்த சான்று நாடு முழுக்கச் செல்லும். இதை அச்சடித்து கடைச் சுவரில் இந்தியிலும் ஒட்டியிருக்கிறேன். இந்தி எழுத்து நானே வரைந்தது, அதைப் படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு தனிக்கதை.

14 செப்டம்பர்

அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு. 1923ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டம் ஒரு பட்டியல் போட்டது, உடம்பை விலை போட்ட பட்டியல். கட்டை விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி முழுசுக்கு 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஈஎஸ்ஐ இருந்தால் இதே மாதிரிப் பட்டியல்தான், மாதாமாதம் வரும். ஈஎஸ்ஐ நம்பரே இல்லாமல் ஒப்பந்தக்காரர் பேரில் வேலை பார்த்தவன் தொழிலாளர் துறையில் வழக்குப் போட வேண்டும், அதற்கு வேலை பார்த்த சான்று வேண்டும். வாட்ஸாப்பில் மேஸ்திரி அனுப்பிய குரல் செய்தி, கம்பெனி கேட்டில் எடுத்த செல்ஃபி எதையும் அழிக்க வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

மாற்றுத்திறனாளி அட்டையில் சலுகை தொடங்குவது 40 சதவீதத்தில். விரல் மட்டும் போனவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, வெள்ளைக் கோடு போட்ட அட்டைதான்.

28 செப்டம்பர்

2.05க்கே திரும்பி வருகிறேன். பழங்குடியில் இத்தனை சதவீதம் என்றால், பழங்குடி யார்?

கடம்பூர், பர்கூர் மலைகளில் மலையாளி இனத்தார் இருக்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலைக்காரர்கள் என்று பொருள். சேலத்தில் ஏற்காடு மலையில் இருந்தால் அவர் பழங்குடி. ஈரோடு மாவட்டத்தில் இருந்தால் இல்லை, ஏனென்றால் பட்டியலில் அந்த இனத்துக்குச் சில மாவட்டங்களின் பேர் மட்டும் போட்டிருக்கிறது, அதில் நம்ம பக்கம் விடுபட்டுவிட்டது. மாமன் பழங்குடி, மருமகன் பொது. பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் பிரிவு என்று ஒரு கட்டம் வரும், சாதிச் சான்று இல்லாதவருக்கு நான் பொது என்று அழுத்துகிறேன். அவர் கால் ஊனம் மற்றவர்களின் 2.18க்குள் போய்விடுகிறது. என் விரலாலேயே அந்தப் புள்ளிவிவரத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5 அக்டோபர்

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். இந்த மலைகளில் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் சிலருக்கு காது கேட்காததற்கும் கை நடுங்குவதற்கும் காரணம் நோய் இல்லை. வீரப்பனைத் தேடிய காலத்தில் அதிரடிப்படை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். மின்சாரம் வைத்தார்கள். மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை வைத்து விசாரித்து, 2007ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. மருத்துவக் குழுவின் படிவத்தில் காரணம் என்று ஒரு வரி உண்டு, பிறவி, நோய், விபத்து என்று எழுதுவார்கள். அப்படி ஒருவருக்கு நான் நிரப்பியபோது என்ன போடட்டுங்ண்ணா என்று கேட்டேன். "விபத்துனே போடு சாமி" என்றார்.

19 அக்டோபர்

நாளைக்கு தீபாவளி, கடையில் ஈ இல்லை. பட்டியல் சாதிக்கு 2.45 வந்தது ஏன் என்று அந்தியூர் அக்கா அப்போதே கேட்டிருந்தார்.

இரண்டு காரணமும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம்ம பக்கம் அருந்ததியர்தான் சாக்கடையிலும் தோல் வேலையிலும் கடைசிக் கூலியிலும் இருக்கிறவர்கள். 2009ல் பட்டியல் சாதிக்கான 18 சதவீத ஒதுக்கீட்டுக்குள் 3 சதவீதம் அவர்களுக்கென்று உள்ஒதுக்கீடு வந்தது, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லியும் விட்டது, ஆனாலும் துப்புரவு வண்டியில் தொங்குகிறவர் பெரும்பாலும் அதே தெருக்காரர். அந்த வேலையில் முதுகும் நுரையீரலும் கண்ணும் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆகவே உண்மையிலேயே அதிகம். இன்னொரு பக்கம், அவர்கள் குடியிருப்பு பேரூராட்சிக்குப் பக்கத்தில், கணக்கெடுப்பவர் நடந்தே போகலாம், ஆகவே எண்ணப்படுவதும் அதிகம். மலையில் இந்த இரண்டாவது இல்லை. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க என்னால் முடியாது.

2 நவம்பர்

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். 1977ல் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகத்துக்குள் புகுந்து கிட்டத்தட்ட நான்கு வாரம் உட்கார்ந்துவிட்டார்கள், மத்திய அரசுப் பணம் வாங்கும் இடங்களில் ஊனத்தைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்ற 504ஆம் சட்டப்பிரிவை நடைமுறைப்படுத்தச் சொல்லி. அத்தனை நாளும் சாப்பாடு போட்டது யார்? கறுப்பர் உரிமைக்குப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சி. அவர்கள் கட்சிக்காரர் ஒருவரும், பிராட் லோமாக்ஸ், சக்கர நாற்காலியில் உள்ளே இருந்தார். நம்ம ஊரில் மாற்றுத்திறனாளிகள் மறியலுக்கு நான் போயிருக்கிறேன், மலைவாழ் மக்கள் நில உரிமைக் கூட்டத்துக்கு மைக் செட்டுக்காரனோடு போயிருக்கிறேன். அங்கே இருந்த முகம் இங்கே இல்லை. இரண்டு இடத்திலும் தக்காளி சாதம் மட்டும் ஒரே கடை.

9 நவம்பர்

கொடுமுடிக்காரர் திரும்ப வந்து, "சரி, ராகியை விட்டுவிடுகிறேன், ஆனால் 2027 கணக்கெடுப்பில் சாதியும் சேர்த்துக் கேட்கிறார்களே, எல்லாம் தெளிவாகிவிடும்" என்கிறார். சாதி தெளிவாகும். பர்கூர் மலையாளிகள் எத்தனை பேர் என்பதாவது தெரியவரும், அது நல்லது. ஊனக் கணக்கு தெளிவாக வேண்டுமென்றால் வருகிறவர் கன்னடமும் கொஞ்சம் தெரிந்தவராக, "யாராவது ஊனமா" என்று வாசலில் கேட்டுவிட்டுப் போகாதவராக இருக்க வேண்டும். ஆள் எண்ணுவது 2027 பிப்ரவரியில். மலையில் இருக்கிறவர்கள், படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பாட்டி தாத்தா பக்கத்தில் நின்று பதில் சொல்லுங்கள், நல்லாத்தான் இருக்கறேன் என்று அவர்கள் ஆரம்பிக்கும்போதே.

10 நவம்பர்

பர்கூரிலிருந்து பாட்டிக்காகக் கேட்ட தம்பிக்கு: ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் அளவு போட்டோ, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் எல்லாம். 40 சதவீதத்துக்கு மேல் வந்தால் உதவித்தொகைக்கு முயற்சி பண்ணலாம், 75க்கு மேல் என்றால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் மாதம் 2,000 ரூபாய்த் திட்டத்துக்கும் எழுதலாம். ஓடிபி வருகிற போனை மறக்காமல் கையில் கொண்டுவா கண்ணு. போட்டோ இல்லையென்றால் பரவாயில்லை, வேட்டி இருக்கிறது.